கைதட்டியவர்கள் அறிந்த சிஷோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிடப்போவதாக ஷெர்லி சிஷோம் அறிவித்த உரையைக் காணொளியில் பார்த்தேன். 1972 ஜனவரி 25, புரூக்ளின், கான்கார்ட் பாப்டிஸ்ட் தேவாலயம். கண்ணாடி அணிந்த சின்ன உருவம், ஆனால் என்ன குரல்! ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஏதோ சங்கடமாக இருந்தது. அவர் ஜெயிக்கப்போவதில்லை என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாதா? பிறகு எதற்கு அந்த ஆரவாரம்? நானும் வெறும் பேச்சில் மயங்கிவிட்டேனா? இன்னொரு உறுத்தலும் உண்டு. நான் கறுப்பு அமெரிக்காவின் வேட்பாளர் அல்ல, பெண்கள் இயக்கத்தின் வேட்பாளரும் அல்ல என்கிறார். தன்னைத் தூக்கிவிட்டவர்களையே தள்ளி நிறுத்துவதுபோல் இல்லையா இது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் பார்த்த காணொளி சில நிமிடங்கள்தான். கைதட்டியவர்களில் பலர் அந்த அம்மாவைப் பல வருடங்களாகப் பார்த்து வந்தவர்கள். ஆசிரியையாக இருந்தவர், மழலையர் பள்ளிகளை நடத்தியவர், பிறகு நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது எதிரே நின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர், கறுப்பின மக்களின் சமவுரிமைக்காகப் போராடிய நாடறிந்த போராளி. வாஷிங்டனுக்கு ஓர் ஆண் குரல் வேண்டும் என்பது ஃபார்மர் தரப்பின் பிரச்சாரம். சிஷோம் தெருத்தெருவாகப் போனார், போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் ஸ்பானிய மொழியிலேயே பேசினார், ஜெயித்தார். அந்தச் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

போன இடத்தில் அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து வாழும் புரூக்ளின் மக்களின் பிரதிநிதிக்கு விவசாயமும் காடுகளும்! புது உறுப்பினர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். சிஷோம் சபையிலேயே எழுந்து மறுத்தார், வேறு குழுவுக்கு மாற்றவும் வைத்தார். விலைக்கு வாங்க முடியாதவர், யாரும் அதிகாரம் செலுத்த முடியாதவர் என்பது அவருடைய பிரச்சார முழக்கம். முழக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டு. இவருடைய முழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நடத்தை இருந்தது, கூட்டத்துக்கு அது தெரியும். ஆகவே அந்த ஆரவாரத்தை மயக்கம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கண்ணீரையும் சொல்லமாட்டேன்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அந்த வாக்கியங்களை மறுபடி கேளுங்கள். நான் கறுப்பினத்தவள், அதில் எனக்குப் பெருமை. நான் பெண், அதிலும் அதே அளவு பெருமை. இதையும் சேர்த்தேதான் சொல்கிறார். எதையும் மறைக்கவில்லை. அதே மூச்சில் அரசியல் முதலாளிகளின், பணக்காரர்களின் வேட்பாளரும் அல்ல என்கிறார், அமெரிக்க மக்களின் வேட்பாளர் என்று முடிக்கிறார். அவ்வருடம் சிஷோமைப் போலவே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஜார்ஜ் மெக்கவர்னிடம் யாராவது நீங்கள் வெள்ளை ஆண்களின் வேட்பாளரா என்று கேட்டார்களா? அந்தக் கேள்வி சிஷோமுக்கு மட்டும்தான் காத்திருந்தது. எல்லோருக்காகவும் நிற்கும் உரிமை எனக்கும் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இதில் கைவிடல் எங்கே இருக்கிறது?

கைவிட்டது மறுபக்கம்தான். மார்ச்சில் இண்டியானாவின் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு அவருக்கு ஆதரவு தரவில்லை. பெண்கள் இயக்கத் தலைவர்களில் பலர் அரை மனதோடு நின்றார்கள். கறுப்பராக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததற்காகவே அதிகம் ஒதுக்கப்பட்டேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மே மாதம் ஆதரவாளர்களுக்கே ஒரு சோதனை வந்தது. இனப்பிரிவினையின் முகமாக இருந்த ஜார்ஜ் வாலஸ், அதே உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டவர், மே 15 அன்று சுடப்பட்டார். சிஷோம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். சொந்த ஆட்களே கொதித்துப்போனார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மக்களின் வேட்பாளர் என்று ஜனவரியில் சொன்ன சொல்லுக்கு அந்தச் சந்திப்பும் கட்டுப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஓர் உரைக்குக் கைதட்டும்போது நமக்குப் பிடிக்காத இதுபோன்ற ஒரு நாளுக்கும் சேர்த்துத்தான் கைதட்டுகிறோம்.

ஜூலையில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மயாமி பீச் மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். மெக்கவர்ன் வேட்பாளரானார், நவம்பரில் 49 மாநிலங்களில் தோற்றார்.

அந்தப் பிரச்சாரத்தில் ஓர் இளம்பெண் வேலை செய்தார். கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரி மாணவி, பெயர் பார்பரா லீ. சிஷோமைக் கல்லூரிக்குப் பேச அழைத்தவர் அவர்தான். பேச்சைக் கேட்டு நெகிழ்ந்து, உங்களுக்காக வேலை செய்கிறேன் என்று போய் நின்றார். சிஷோம் அவரிடம் கேட்டது, முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள் என்பதைத்தான். லீ அதுவரை பதிந்திருக்கவில்லை. பதிந்தார், பிரச்சாரத்தில் இறங்கினார், மயாமிக்கும் பிரதிநிதியாகப் போனார். பின்னாளில் அதே பிரதிநிதிகள் சபையில் உறுப்பினரானார். 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின், அதிபருக்குப் போர் அதிகாரம் தரும் தீர்மானத்துக்கு 420 பேர் ஆதரவாக வாக்களித்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர் பார்பரா லீ.

அந்த வாக்குக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1969 மார்ச்சில், சபைக்கு வந்து மூன்றே மாதத்தில், சிஷோம் தன் முதல் உரையில் வியட்நாம் போரை எதிர்த்தார். குழந்தைகளின் படிப்புக்கு வெட்டிவிட்டு ஏவுகணைக்குக் கொட்டும் அரசின் ராணுவ ஒதுக்கீடு எதற்கும் வாக்களிக்கமாட்டேன் என்றார். அதையும் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்