பொதிகை ஏறியவர்களுக்குப் பனிமலை எம்மாத்திரம்?

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள், அகத்தியர் மலை ஏறி இறங்கியவர்கள். பிப்ரவரியில் காஷ்மீரிலுள்ள குல்மார்க் போய், ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் பனிச்சறுக்கு விடலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தெம்பு இருக்கிறது, சரி. ஆனால் அகத்தியர் மலை 1,868 மீட்டர்தான் தம்பி, குல்மார்க் கேபிள் கார் 3,900 மீட்டரையும் தாண்டிக் கொண்டுபோய் விடும், அங்கே நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

அதைவிடப் பெரிய வில்லன் பனிச்சரிவு, அதாவது மலைப்பனி மொத்தமாகப் பெயர்ந்து சரிந்து வருவது. 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் அது அதிகம் நடக்கும், சறுக்க ஆசை வருவதும் அதே சாய்வில்தான், ஆள் மாட்டும்போது பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுவதும் சறுக்கப்போன கோஷ்டியேதான். குற்றாலத்தில் சைரன் கேட்டால் அருவியை விட்டு விலகுகிறோமே, இதற்குச் சைரன் கிடையாது. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, மீட்புப்படை வந்து சேர அவ்வளவு நேரம் போதாது, தோண்ட வேண்டியது கூடப்போன நீங்கள்தான்.

அதனால் ஆளுக்கொரு சிக்னல் கருவி (புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி மூன்றும் வேண்டும், வீட்டு மாடியிலாவது பழகியிருக்க வேண்டும். சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இந்த வருஷம் கீழ்ச்சரிவில் பயிற்சி மட்டும். மேலே போவது அடுத்த வருஷம், அதுவும் உள்ளூர் வழிகாட்டியோடு.