மேட்பிளாட்லிப் மக்கர் செய்கிறதா? வாசகர் கேள்வி–பதில்

பைத்தானில் சார்ட் போட உதவும் மேட்பிளாட்லிப் லைப்ரரி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டவும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' கொடுத்தேன். 'சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று வந்தது. ஆனால் வி.எஸ். கோடில் ஓட்டினால் 'நோ மாட்யூல் நேம்டு மேட்பிளாட்லிப்' என்கிறது. நாலு தடவை நிறுவிப் பார்த்துவிட்டேன்.
– கல்லூரி மாணவர், தாம்பரம்

நாற்பது தடவை நிறுவினாலும் இதேதான் வரும். உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒன்று, பைத்தான் தளத்திலிருந்து ஒன்று, அனகோண்டாவோடு வந்தது ஒன்று என்று மூன்று கூட இருக்கலாம். லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் ஒன்றில் போட்டிருக்கிறது, வி.எஸ். கோட் வேறொன்றை ஓட்டுகிறது.

பிழை வரும் அதே கோப்பின் தலையில் 'இம்போர்ட் சிஸ்' என்றும், அடுத்த வரியில் 'பிரிண்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)' என்றும் எழுதி ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழுப் பாதை வரும். அந்தப் பாதையை மேற்கோள் குறிக்குள் ஒட்டி, பின்னால் '-எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' என்று கொடுங்கள். பவர்ஷெல் ஜன்னல் என்றால் பாதைக்கு முன்னால் & குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் பாதையை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். இல்லையேல் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தி 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரிட்டர்' மூலம், ஏற்கெனவே நிறுவிய பைத்தானையே தேர்ந்தெடுங்கள்.

'மேட்பிளாட்லிப் இஸ் நாட் எ பேக்கேஜ்' என்று பிழையின் வாலில் வந்தால் நிறுவலில் குறையே இல்லை. உங்கள் கோப்புக்கே மேட்பிளாட்லிப்.பிஒய் என்று பெயர் வைத்திருப்பீர்கள். பெயரை மாற்றினால் போதும்.

புதிதாக வெளியான பைத்தானைப் போட்டேன். மேட்பிளாட்லிப் நிறுவும்போது 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை' என்று பக்கம் பக்கமாகச் சிவப்பில் வருகிறது. அதையும் இறக்கி நிறுவ வேண்டுமா?
– ஆய்வு மாணவி, கிண்டி

வேண்டாம். சில ஜிபி வீணாகும். பிப் வழக்கமாக, ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த 'வீல்' கோப்பைத்தான் இறக்கும். உங்கள் பைத்தான் பதிப்புக்கு இன்னும் வீல் வராவிட்டால், மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்குத்தான் சி++ கேட்கிறது. ஒரு படி பழைய பைத்தானை, 64-பிட்டில், நிறுவுங்கள். பைத்தானைத் திறந்ததும் முதல் வரியிலேயே 32-ஆ 64-ஆ என்று எழுதியிருக்கும். 32-பிட்டுக்குப் பல பதிப்புகளில் வீல் கிடையாது.

ஆய்வகத்தில் விண்டோஸ் 7 கணினிகள் இருந்தால், அதில் ஓடும் கடைசி பைத்தான் 3.8. அதற்கான கடைசி மேட்பிளாட்லிப் 3.7. சாதாரண சார்ட்டுகளுக்கு அது தாராளம்.

'நம்பை 1.எக்ஸில் கம்பைல் ஆனது 2.0வில் ஓடாது' என்ற பிழை வேறு ரகம். நம்பை என்பது மேட்பிளாட்லிப் சார்ந்திருக்கும் கணக்கு லைப்ரரி. 2024இல் அதன் 2.0 வந்த பிறகு, நம்பை மட்டும் புதிதாகி மேட்பிளாட்லிப் பழசாகவே நின்றுவிட்ட கணினிகளில் வருவது. 'பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் மேட்பிளாட்லிப்' போதும்.

உபுண்டுவில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று பிப் மறுக்கிறது. அதைத் தாண்டி நிறுவினாலும் சார்ட் ஜன்னல் திறக்கவில்லை.
– வாசகர், நங்கநல்லூர்

தாண்டியிருக்க வேண்டாம். உபுண்டுவின் பல கருவிகள் அதே பைத்தானை நம்பி ஓடுகின்றன. முதலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ் பைத்தான்3-டிகே'. பிறகு உங்கள் ஃபோல்டரில் 'பைத்தான்3 -எம் வென்வ் சார்ட்'. இது 'சார்ட்' என்ற பெயரில் தனிப் பைத்தான் சூழல் ஒன்றை உருவாக்கும். 'சோர்ஸ் சார்ட்/பின்/ஆக்டிவேட்' கொடுத்துவிட்டு, அதற்குள் 'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' கொடுங்கள். ஜன்னல் திறக்காததற்குக் காரணம், ஜன்னல் காட்ட உதவும் டிகே இல்லாமை. ஜன்னல் காட்ட வழியில்லாதபோது மேட்பிளாட்லிப், படக்கோப்பு மட்டும் எழுதும் 'ஆக்' முறைக்குப் போய்விடும்.

பள்ளிக் கண்காட்சிக்காக மழை அளவு சார்ட் போட்டோம். தலைப்பில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஃபான்ட் மாற்றினோம். இப்போது 'சென்னை மழை' என்பதில் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன.
– ஆசிரியை, திருவல்லிக்கேணி

இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலாவதைத் தீர்த்துவிட்டீர்கள். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால்தான் கட்டம். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். நோட்டோவை இறக்கினால் 'ஸ்டாட்டிக்' ஃபோல்டரில் உள்ள ரெகுலர் கோப்பையே எடுங்கள். ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய 'வேரியபிள்' ஃபான்ட்டை மேட்பிளாட்லிப் சரியாகக் கையாளாது. புதிதாக நிறுவிய ஃபான்ட் தெரியாவிட்டால், 'மேட்பிளாட்லிப்.கெட்_கேஷ்டிர்()' காட்டும் ஃபோல்டரில் 'ஃபான்ட்லிஸ்ட்' என்று தொடங்கும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 3.6 முதல் 'ஃபான்ட்.ஃபேமிலி'க்கு ஒரு பட்டியலே தரலாம். தமிழ் ஃபான்ட்டை முதலிலும் டெஜாவுவை அடுத்தும் வைத்தால், ஒன்றில் இல்லாத எழுத்தை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவதுதான் நிஜமான தலைவலி. 'மழை' என்று தட்டினால் கணினியின் நினைவில் ம, ழ, அதற்குப் பின்னால் இணைக் கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகிறது. கொம்பை ழ-வுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது, காட்டும் மென்பொருளின் வேலை. பிரவுசரும் வேர்டும் அதைச் செய்கின்றன. மேட்பிளாட்லிப் 3.10 வரையிலான பதிப்புகள், பதிவான வரிசைப்படியே ஒவ்வொரு எழுத்தாக அடுக்கிவிடுகின்றன. அதனால் 'சென்னை'யின் ஒற்றைக் கொம்பு ச-வை விட்டு அடுத்த ன-வோடு ஒட்டிக்கொள்கிறது, கடைசிக் கொம்பு அந்தரத்தில் நிற்கிறது. கு, டு போன்றவற்றிலும் உகரம் எழுத்தோடு சேராது. எந்த ஃபான்ட் மாற்றினாலும் இது தீராது.

நாங்கள் பரிந்துரைப்பது எஸ்விஜி வழி. சேமிக்கும் முன் 'பிஎல்டி.ஆர்சிபராம்ஸ்' அமைப்பில் ('பிஎல்டி' என்பது மேட்பிளாட்லிப்.பைபிளாட்டுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்; 'பராம்ஸ்'ஸின் பி மட்டும் பெரிய எழுத்து) 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்பதை 'நன்' என்று மேற்கோளுக்குள் வையுங்கள். இங்கே எல்லாமே சிறிய எழுத்து. பிறகு 'சேவ்ஃபிக்'கில் கோப்பின் பெயரை .எஸ்விஜி என்று முடியுங்கள். இப்போது எழுத்துகள் படமாக அல்லாமல் எழுத்தாகவே கோப்பில் போகும், வரிசைப்படுத்தும் வேலையைத் திறக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பில் திறந்து 300 டிபிஐயில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். திறக்கும் கணினியிலும் அதே ஃபான்ட் இருக்க வேண்டும். எழுத்தின் அகலத்தை மேட்பிளாட்லிப் பழைய கணக்கில்தான் அளக்கிறது, ஆகவே நீளமான லேபிள்களுக்கு ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள்.

கொம்பை முன்னால் தட்டி, எழுத்தைப் பின்னால் தட்டும் தந்திரம் சிலரிடம் உண்டு. பழைய பதிப்பில் பார்வைக்குச் சரியாக வரும். அதே வரியை வேறெங்காவது ஒட்டினால் புள்ளி வட்டம் முளைக்கும், உகரச் சிக்கலும் அப்படியே இருக்கும். டிடிபி கடைகளில் சொல்லும் பாமினி ஃபான்ட் வழியும் இதே இனம்தான். பார்க்கும் வரிசையில் தட்டும் ஃபான்ட் என்பதால் கொம்பு சரியாக விழும். ஆனால் நிரலில் உங்கள் தலைப்பு யாருக்கும் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கும்.

சென்னை ஏரிகளின் தினசரி இருப்பையும் மழையையும் ஒரே சார்ட்டில் காட்ட வேண்டும். கீழே தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பட்டையாகிவிட்டன. சோழவரம் கோடு தரையோடு கிடக்கிறது.
– வாசகர், வேளச்சேரி

தேதிகள் எழுத்தாகவே இருக்கின்றன. எழுத்தைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் ஒவ்வொன்றையும் தனி வகையாக எடுத்துக்கொண்டு அத்தனைக்கும் லேபிள் போடும். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் 'டு_டேட்டைம்' மூலம் மாற்றுங்கள், அதில் 'டேஃபர்ஸ்ட்=ட்ரூ' கொடுக்க மறக்காதீர்கள் (ட்ரூவின் முதலெழுத்து பெரியது). நாம் 05-11 என்று எழுதுவது நவம்பர் 5. பாண்டாஸ் இயல்பாக அதை மே 11 என்று படிக்கும். 2.0க்கு முந்தைய பதிப்புகள் ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகிப்பதால், 13-11 மட்டும் ஒழுங்காக நவம்பரில் விழும். வடகிழக்குப் பருவமழை கோடையிலும் பெய்ததாகச் சார்ட் காட்டினால் காரணம் இதுதான். பிறகு 'எம்டேட்ஸ்.மன்த்லொகேட்டர்()' ('மன்த்லொகேட்டர்' என்பதில் எம், எல் பெரிய எழுத்து; 'எம்டேட்ஸ்' என்பது மேட்பிளாட்லிப்.டேட்ஸின் சுருக்கப் பெயர்) கொடுத்தால் மாதத்துக்கு ஒரு லேபிள்தான் வரும்.

சோழவரம் கிடப்பது அளவுகோலால். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231. சோழவரம் 1,081 மட்டுமே, நிரம்பி வழிந்தாலும் பாதி உயரத்துக்கு வராது. ஒவ்வொன்றின் இருப்பையும் அதன் கொள்ளளவால் வகுத்துச் சதவீதமாகப் போடுங்கள்.

மழைக்கு 'ஏஎக்ஸ்2 = ஏஎக்ஸ்.ட்வின்எக்ஸ்()' என்று வலப்பக்க அச்சு ('ஏஎக்ஸ்' என்பது ஏரிக் கோடுகள் இருக்கும் முதல் அச்சு). 'ஏஎக்ஸ்2.இன்வர்ட்_ஒய்ஆக்சிஸ்()' கொடுத்தால் மழைப் பட்டைகள் மேலிருந்து தொங்கும், நீரியல் படிப்பவர்களுக்குப் பழகிய முறை. பட்டை நீளம் சார்ட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி, அச்சின் உச்ச வரம்பை அதிகபட்ச மழையைப் போல் மூன்று மடங்கு வையுங்கள். அப்போதும் பட்டைகள் கோடுகளை மறைத்தால் 'ஏஎக்ஸ்.செட்_இசட்ஆர்டர்(2)', கூடவே 'ஏஎக்ஸ்.பேட்ச்.செட்_விசிபிள்(ஃபால்ஸ்)' (எஃப் பெரிய எழுத்து). இரண்டாவதை விட்டால் முன்னால் வந்த அச்சின் வெள்ளைப் பின்னணி மழையையே மூடிவிடும்.

விற்பனைத் தொகை அச்சில் '1e7' என்று வருகிறது. லட்சம், கோடிக் கணக்கில் காற்புள்ளி வேண்டும்.
– கணக்காளர், தி.நகர்

'ஏஎக்ஸ்.டிக்லேபிள்_ஃபார்மட்(ஸ்டைல்='பிளெயின்', யூஸ்ஆஃப்செட்=ஃபால்ஸ்)' கொடுத்தால் 1e7 போய்விடும் (யூஸ்ஆஃப்செட்டில் 'ஓ' பெரிய எழுத்து). காற்புள்ளிக்கு 'ஃபங்க்ஃபார்மேட்டர்' தேவை (இரண்டு எஃப்பும் பெரியவை). எண்ணை முழு எண்ணாக்கி எழுத்தாக மாற்றி, கடைசி 3 இலக்கத்தை ஒதுக்கிவிட்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டி இணைக்கும் சிறு செயற்கூற்றை அதற்குத் தர வேண்டும். எங்களைக் கேட்டால், தொகையை 1,00,000ஆல் வகுத்து அச்சின் தலைப்பில் 'ரூபாய், லட்சத்தில்' என்று எழுதிவிடுவதே மேல். பத்து இடத்தில் ஏழெட்டு இலக்க எண்ணை யாரும் படிக்கப்போவதில்லை.

ஜன்னலில் அழகாகத் தெரியும் சார்ட், சேமித்தால் வெள்ளைத் தாளாக வருகிறது. ஒருமுறை சரியாக வந்ததும், ஆய்வேட்டில் ஒட்டியபோது எழுத்து எறும்பு சைஸில் இருந்தது.
– ஆய்வு மாணவர், சேப்பாக்கம்

'ஷோ'வுக்குப் பிறகு 'சேவ்ஃபிக்' எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலை மூடியதும் அந்தப் படம் போய்விடும், அடுத்த வரி புதிய வெற்றுப் படத்தைச் சேமிக்கும். வரிசையை மாற்றுங்கள்.

எழுத்தளவு புள்ளிக் கணக்கு, 72 புள்ளி ஓர் அங்குலம். 12 அங்குல அகலத்தில் வரைந்து, வேர்டில் 3.5 அங்குலத்துக்குச் சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 3 புள்ளிக்கும் கீழே போகும். அச்சில் எந்த அகலமோ அதே அகலத்தில் வரையுங்கள். 'ஃபிக்சைஸ்=(3.5, 2.6)', சேமிக்கும்போது 'டிபிஐ=300'. கிடைப்பது 1050×780 பிக்சல். லேபிள் வெட்டுப்பட்டால் பலர் 'பிபாக்ஸ்_இன்ச்சஸ்=டைட்' போடுகிறார்கள், அது படத்தின் அளவையே மாற்றிவிடும். 'சப்பிளாட்ஸ்'க்குள் 'லேஅவுட்=கன்ஸ்ட்ரெயின்டு' கொடுத்தால் அளவு மாறாது. (டைட், கன்ஸ்ட்ரெயின்டு இரண்டையும் மேற்கோளுக்குள் தட்டவும்.) ஆய்விதழ் உங்கள் பிடிஎஃப்பை 'டைப் 3 ஃபான்ட்' என்று திருப்பி அனுப்பினால், 'பிடிஎஃப்.ஃபான்ட்டைப்' அமைப்பை 42 ஆக்குங்கள்.

மாநகராட்சியின் 200 வார்டுக்கும் தனித்தனி சார்ட் போடும்போது பாதியில் கணினி திணறுகிறது.
– வாசகி, ராயபுரம்

20 படம் தாண்டியதுமே ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். ஒவ்வொரு 'சேவ்ஃபிக்'குக்கும் அடுத்த வரியில், சுழலுக்கு உள்ளேயே, 'பிஎல்டி.க்ளோஸ்(ஃபிக்)'. சேமித்த படம் தானாக மூடாது.