வார்த்தை வராத நாட்களில் ஜெபம்: கேள்வி பதில்

கேள்வி: அம்மா இறந்து 2 மாதம் ஆகிறது, ஐயா. முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வரவில்லை.

பதில்: சொந்த வார்த்தை தேடாதீர்கள், வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து கடன் வாங்குங்கள். 13-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். 6 வசனம்தான், சத்தமாக வாசித்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. முதல் 2 வசனம் முறையீடு, அடுத்த 2 விண்ணப்பம், கடைசி 2-இல்தான் நம்பிக்கையும் பாட்டும். முதல் வாரம் முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'எதுவரைக்கும்' என்று வருகிற இடத்தில் உங்கள் காரியத்தை வையுங்கள்: 'எதுவரைக்கும் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்?'

பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். நேராக 5-ஆம் வசனத்துக்குத் தாவி, மனதில் இல்லாத ஸ்தோத்திரத்தை வாயால் சொல்வார்கள். நாளடைவில் ஜெபமே நடிப்பாகிவிடும். வாசிக்கவும் தெம்பில்லை என்றால் சும்மா உட்காருங்கள். ரோமர் 8:26 பெருமூச்சையும் ஜெபக் கணக்கில் சேர்க்கிறது.

கேள்வி: கர்த்தர்மேல் கோபம் வருகிறது. பாவமா?

பதில்: 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். 'என் இரட்சிப்பின் தேவனே' என்று கூப்பிடுவதோடு சரி. மற்றபடி 18 வசனமும் குமுறல்தான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே. கோபத்தை அவரிடமே சொல்லுங்கள்.

கேள்வி: கணவருக்குப் புற்றுநோய். வீட்டுக்கு வந்த ஊழியக்காரர், 'அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, விசுவாசம் இருந்தால் கீமோ எதற்கு' என்கிறார்.

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள், அம்மா. பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுசில் 15 வருடம் கூட்டிக் கொடுத்த அதே அதிகாரத்தில், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னதும் இருக்கிறது (ஏசாயா 38). யாக்கோபு 5:14-இன்படி சபை மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கலாம். மருந்தை விடச் சொல்லி அங்கே ஒரு எழுத்தும் இல்லை. ஒரு எச்சரிக்கை: கீமோ நாட்களில் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கை வைத்து ஜெபிக்க வர வேண்டாம். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும், 10 நிமிடம் போதும்.

கேள்வி: ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்து, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது. உபவாசம் எடுக்கட்டுமா?

பதில்: இப்போது கூடவே கூடாது. எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் சாவு கேட்டார் (1 இராஜாக்கள் 19). தூதன் கொண்டுவந்தது பிரசங்கம் அல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான். எனக்கு எழுதிய இதே வாக்கியத்தை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

கேள்வி: பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகிறேன். என்ன வசனம் சொல்லலாம்?

பதில்: முதல் நாள் ஒன்றும் வேண்டாம், 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்கிற ரோமர் 8:28 வேண்டவே வேண்டாம். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் உருப்படியாகச் செய்தது 7 நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுதான். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோங்கள்.