சிட்னி வரும் புதூர்த் தம்பிக்கு: பிள்ளைகள், போன், புதுநன்மைப் படம்

தம்பி, மதுரை புதூரிலிருந்து ஜனவரியில் சிட்னிக்குக் குடிவருகிறோம், பையன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு, இருவருக்கும் மேற்குப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வாடகை, பழைய கார், பள்ளிக் கட்டணம், குளிர் உடுப்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "அங்கே 16 வயதுவரை சோசியல் மீடியா தடையாமே, அதிலும் சிஸ்டர்மார் பள்ளி, அந்தக் கவலை நமக்கு இல்லைதானே அக்கா?" என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நான் பதில் சொல்ல விரும்புவது அந்தக் கடைசி வரிக்குத்தான். வாடகைக்கு வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வந்து விசாரித்தால் நம் ஆட்களே வழி சொல்வார்கள். காரை முதல் மாதமே வாங்காதீர்கள். மற்றதெல்லாம் வந்தபின் தானாகப் பிடிபடும்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கான்வென்ட் என்றால் வாசலிலேயே சிஸ்டர் நிற்பார், அவரை மீறி எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை உண்டு. இங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் கன்னியர்களைப் பார்ப்பதே அரிது. தலைமையாசிரியர் முதல் அலுவலகம்வரை பெரும்பாலும் துறவிகள் அல்லாத பொதுநிலையினர்தான். 2013 முதல் 2017 வரை நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை அரச ஆணையம் ஒன்று விசாரித்தது. கத்தோலிக்க நிறுவனங்களும் அதன் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சிறார் பாதுகாப்பு என்பது எல்லாப் பள்ளிகளிலும் எழுத்துப்பூர்வமான நடைமுறை. ஆகவே கேள்வி கேட்கிற பெற்றோரை அதிகப்பிரசங்கி என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நம்மவர்கள்தான் ஃபாதர் என்ன நினைப்பாரோ, டீச்சர் என்ன நினைப்பாரோ என்று வாய்மூடி நிற்கிறார்கள். அந்தக் கூச்சத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக் ஆகியவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. தடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. நல்ல சட்டம், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது தடுப்பது கணக்கை மட்டும். வாட்ஸ்அப், ராப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டு, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி எல்லாம் தடை தொடங்கியபோது பட்டியலுக்கு வெளியே இருந்தவை. யூடியூபைக் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது பிள்ளையின் கணக்கில் நீங்கள் போட்டுவைத்த கட்டுப்பாடு எதுவும் வேலை செய்யாது. உங்கள் மகளின் வயதுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியைப் போட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த காணொளிகள் மட்டும் வரும்படி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது முப்பது சேனல்களைச் சேர்த்துவிட்டால் போதும், ஆறு மாதத்துக்கு ஓடும்.

நான் பார்த்தவரை அதிகம் கோளாறு ஆகும் இடம் அப்பாவின் பழைய போன். புதுப் போன் வாங்கியதும் பழையதைத் துணியால் துடைத்து, சிம்மை மட்டும் உருவிக்கொண்டு பையனிடம் கொடுத்துவிடுவார்கள். உள்ளே அப்பாவின் கூகுள் கணக்கு அப்படியே இருக்கும். அந்தப் போனில் பத்து வயதுப் பையன், எல்லாச் செயலிகளின் கண்ணிலும் முப்பத்தெட்டு வயது ஆண். வரும் விளம்பரம், பரிந்துரை, தேடல் எல்லாம் பெரியவருக்கானவை. வயதுச் சோதனையில் பல நிறுவனங்கள் கணக்கின் வயதையும் பழக்கத்தையும் பார்க்கின்றன, அதிலும் தேறிவிடுவான். அதனால் கொடுக்கும் முன் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு புதிய சிறுவர் கணக்கு தொடங்குங்கள். ஆண்ட்ராய்ட் என்றால் உங்கள் போனில் ஃபேமிலி லிங்க், ஐபோன் என்றால் ஃபேமிலி ஷேரிங்கில் சிறுவர் கணக்கு. புதுச் செயலி எதற்கும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வையுங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்கென்று தனிக் கடவு எண் உண்டு. போன் திறக்கும் எண்ணையே அதற்கும் போட்டால் இரண்டே நாளில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஆபாசப் படம் வந்தால் மங்கலாக்கிக் காட்டும் 'கம்யூனிகேஷன் சேஃப்டி' அங்கேதான் இருக்கிறது, இயங்குகிறதா என்று திறந்து பாருங்கள்.

பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு இன்ஸ்டா திறந்து கொடுத்துவிட்டு, அதை விருந்தில் சாமர்த்தியமாகச் சொல்லும் நம்மவர்களையும் இங்கே பார்ப்பீர்கள். தயவுசெய்து அவர்கள் வழியில் போகாதீர்கள். பதின்வயதுக் கணக்குக்குத் தானாக வரும் பாதுகாப்புகள் பெரியவர் கணக்குக்கு வராது. முன்பின் தெரியாதவர் நேரே செய்தி அனுப்பலாம். அதைவிட மோசம், ஏதாவது நடந்தால் பிள்ளை சொல்லாது. வயதைப் பொய்யாகப் போட்டதில் அம்மா அப்பாவுக்கும் பங்கு இருக்கிறதே, சொன்னால் அவர்களும் மாட்டுவார்களே என்று பயந்து உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

ராப்லாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதில்தான் இருப்பார்கள். உங்கள் பெற்றோர் கணக்கைப் பையனின் கணக்கோடு இணைத்து, உரையாடலை அணைத்து, செலவு வரம்பைப் பூச்சியத்தில் வையுங்கள். 'விளையாட்டை விட்டுட்டு வேறு செயலியில் பேசலாம் வா' என்று எவராவது கூப்பிட்டால் அதுதான் ஆபத்தின் முதல் அடையாளம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பள்ளி ஐபேட் அல்லது குரோம்புக் வாங்கச் சொன்னால் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் இணைய வடிகட்டி எங்கள் வீட்டு வைஃபையிலும் வேலை செய்யுமா, பள்ளிக்குள் மட்டுமா?

இனி எனக்கு நெஞ்சில் உறுத்தும் விஷயம். பிள்ளைகளை வெளியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் கணக்கு இல்லை, நம்முடைய கணக்கு. உங்கள் மகளுக்கு இன்னும் ஓரிரு வருடத்தில் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்கும் நாள், வரும். புதூர் லூர்து அன்னை கோயிலில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைக் கவுன், கையில் மெழுகுதிரி, தெருமுனையில் பெயரும் பள்ளியும் போட்டு ஃபிளெக்ஸ். அங்கே அந்தத் தெருவுக்கே பிள்ளையைத் தெரியும், தெரிந்தவர்கள்தான் பார்த்தார்கள். அதே பழக்கத்தில் இங்கே சீருடைப் படத்தை ஃபேஸ்புக்கில் போடுகிறோம். சட்டையில் பள்ளிச் சின்னம், வாழ்த்து வரியில் முழுப் பெயர், போன மாதப் படத்தில் '8' போட்ட பலூன், வாசற்படிப் படத்தில் வீட்டு எண், ஞாயிறுதோறும் ஒரே கோயில் வாசல். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் முன்பின் தெரியாத ஒருவன் "உன் அம்மா அனுப்பினாங்க, உன் டீச்சர் பேர் இதுதானே" என்று பேசுவதற்குத் தேவையான அத்தனையும் வந்துவிடுகிறது. இப்போது ஒரு சாதாரண முகப்படத்தை வைத்தே போலியான நிர்வாணப் படம் செய்கிறார்கள். பிள்ளையின் முகத்தில் அப்படிச் செய்வது இங்கே கடுமையான குற்றம்தான், ஆனால் படம் பரவியபின் சட்டம் வந்து என்ன, வராமல் என்ன.

சேர்க்கைப் படிவங்களோடு படம் வெளியிட அனுமதிக்கும் தாள் ஒன்று வரும். வந்து இறங்கிய களைப்பில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' போட்டு நீட்டும் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படி நீட்டியவள்தான். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பறைச் சுவர், பெற்றோருக்கு மட்டுமான செயலி, செய்தி மடல், பள்ளியின் பொது ஃபேஸ்புக் பக்கம் எல்லாம் ஒன்றல்ல. முதலிரண்டுக்குச் சரி சொல்லி, பொதுப் பக்கத்துக்கு வேண்டாம் என்று எழுதலாம். முன்பு சரி சொல்லியிருந்தாலும் மின்னஞ்சலில் திரும்பப் பெறலாம். வகுப்புப் படம் எடுக்கும்போது பிள்ளையைத் தனியே ஒதுக்கி உட்கார வைக்காமல் எப்படிச் செய்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பிள்ளையின் மனசு சம்பந்தப்பட்டது.

பலருக்குத் தெரியாத ஒன்று: புதுநன்மைத் தயாரிப்பும் உறுதிப்பூசுதலும் இங்கே பெரும்பாலும் பங்கின், அதாவது அந்தப் பகுதிக் கோயிலின், பொறுப்பு. பள்ளிக்கு நீங்கள் கொடுத்த அனுமதித்தாள் பங்கைக் கட்டுப்படுத்தாது. கொரோனா காலத்தில் தொடங்கிய திருப்பலி (பூசை) நேரலையைச் சில பங்குகள் இன்றும் விடவில்லை. கேமரா பீடத்தைப் பார்த்து இருக்கும், பீடப்பணி செய்யும் பையன் வாராவாரம் இணையத்தில் வருவான். பங்கு அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள்: நேரலை பூசை முடிந்ததும் நீக்கப்படுகிறதா, அப்படியே கிடக்குமா? பிள்ளைகளின் பெயரை வாசிப்பார்களா? தமிழ்ப் பூசைக் குழுவிலும் இதே பேச்சை எடுங்கள். ஊரில் பங்கு மக்கள் சேரும் நம் அன்பியக் குரூப் மாதிரி இங்கேயும் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு, இருநூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேரை உங்களுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். செட்டிங்ஸில் பிரைவசி போய், முகப்புப் படத்தையும் குரூப்ஸ் என்பதையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். பிள்ளைப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தே தீருவேன் என்றால் 'ஒன்லி ஷேர் வித்' தேர்ந்து பத்துப் பெயரைக் குறியுங்கள். தாத்தா, அப்பத்தா, அத்தை, மாமா மட்டும் இருக்கும் சின்னக் குரூப் ஒன்றைத் தனியே வைத்து, அதில் 'அட்வான்ஸ்ட் சாட் பிரைவசி'யைப் போட்டுவிடுங்கள். படம் தானாகப் போனில் இறங்காது, உரையாடலை ஏற்றுமதி செய்ய முடியாது. ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அது தடுக்காது, அதனால் அப்பத்தாவிடம் வாயாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். படத்தைப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போகும். கேமராவுக்கு இட அனுமதியையே மறுத்துவிடுவது சுலபம். மதுரையில் இருக்கும் பெரியப்பா மகன் பதினைந்து வயதில் இன்ஸ்டாவில் இருப்பான், அந்தப் பக்கம் இந்தச் சட்டம் போகாது. வீடியோ கால் பேசும்போது எடுத்த படத்தை அவன் போடாமல் இருக்க நீங்கள்தான் அண்ணனிடம் பேச வேண்டும்.

ஏதாவது நடந்தால் பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வகுப்புப் பெற்றோர் குரூப்பில் கொட்டுவது. அழிக்காதீர்கள். மிரட்டியவரின் கணக்குப் பெயர், கணக்கின் இணைய முகவரி, தேதி, நேரம், எழுதியது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதன்பின் பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை மட்டும் பிரதி எடுக்கவோ, ஃபாதருக்கோ டீச்சருக்கோ அனுப்பவோ கூடாது, அனுப்புவதே குற்றமாகிவிடும். கேலி, துன்புறுத்தல் என்றால் முதலில் அந்தச் செயலியிடம் புகார். 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால் இ-சேஃப்டி ஆணையர் அலுவலகம். இணையப் பாதுகாப்புக்காக, 2015-ல் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய அரசு அலுவலகம் அது. அந்தரங்கப் படம் என்றால் காத்திருக்காமல் நேரே அங்கே போகலாம். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தொகை ஏறும். உயிருக்கு ஆபத்து என்றால் 000. பிள்ளை தானே பேச 1800 55 1800, ஐந்து வயதிலிருந்தே கூப்பிடலாம். ஊரில் உள்ள உறவுப் பிள்ளைகளுக்கு 1098, இணையக் குற்றத்துக்கு 1930. பள்ளியில் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் மட்டும் சொல்லுங்கள்.

இதெல்லாம் வேலை செய்ய, பிள்ளை முதலில் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். 'ஏதாவது கேள்விப்பட்டேன், போனைப் பிடுங்கிருவேன்' என்று மிரட்டும் வீட்டில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. 'என்ன வந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன், உன்னை வைய மாட்டேன்' என்று இப்போதே, ஒன்றும் நடக்காதபோதே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

பள்ளியில் கார்லோ அகுதிஸ் படத்தைப் பார்த்துவிட்டு, புனிதரே கம்ப்யூட்டரில் இருந்தாரே என்று பையன் கேட்கக்கூடும். 2025 செப்டம்பர் 7-ல் புனிதராக அறிவிக்கப்பட்டவர், நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை)த் தொகுத்து இணையத்தில் வைத்தவர், 15 வயதில் இறந்துபோனவர். விளையாட்டுக்குத் தனக்குத் தானே நேர வரம்பு போட்டுக்கொண்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புறப்படும் முன் புதூர்ப் பங்கில் இரு பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழையும் முத்திரையோடு வாங்கி வாருங்கள், இங்கே கேட்பார்கள். புதுநன்மைப் படத்துக்கு ஒரு யோசனை. முன்பெல்லாம் பூசை முடிந்த கையோடு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், மெழுகுதிரியைக் கையில் கொடுத்து நிற்க வைத்து ஒரே ஒரு படம் எடுப்பார்கள். ஒரு பிரதி ஹாலில், ஒன்று அத்தை வீட்டில், ஒன்று தாய்மாமன் வீட்டில். வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். இங்கேயும் பெரிய கடைகளில் அரை மணி நேரத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். ஆறு பிரதி எடுத்து, பின்னால் பெயரும் தேதியும் எழுதி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.