‘சரி’ன்னா சரிதானா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ‘அவங்க ஏன் இப்படி இருக்காங்க?’ என்றுதான் தொடங்குகின்றன. ‘நாம ஏன் இப்படி இருக்கோம்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, பதிலோடு அதையும் சேர்த்துவிடலாம். வெளிநாடு போகிறவர்களுக்கும், வெளி மாநிலத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களுக்கும் பாளையங்கோட்டையில் வகுப்பு எடுக்கிறவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ரஷ்யர்கள் என் கடைக்குச் சாமான் வாங்க வருவார்கள். நான் சிரித்த முகத்தோடு ‘வாங்க’ என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்மை மட்டமாக நினைக்கிறார்களா?
– கடைக்காரர், செட்டிகுளம்

இல்லை அண்ணாச்சி. ரஷ்யாவில் முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் குறைவு. ‘காரணமில்லாத சிரிப்பு முட்டாளின் அடையாளம்’ என்று அவர்கள் மொழியில் பழமொழியே இருக்கிறது. நீங்கள் சிரித்ததும், ‘இவன் எதுக்குச் சிரிக்கான்? விலையை ஏத்திட்டானா?’ என்று அவர் யோசித்திருக்கலாம். நம் ஊரிலும் சும்மா சிரிக்கிற பையனை ‘என்னலே இளிக்க?’ என்று கேட்கத்தானே செய்கிறோம்? நாலு மாதம் வந்து பழகியபின் அவரே ஒருநாள் சிரிப்பார். அன்றைக்கு அதை நம்பலாம்.

சிரிப்பை விடுங்கள், வேறு சில விஷயங்களில் நமக்கும் அவர்களுக்கும் நல்ல ஒட்டு உண்டு. ரஷ்யர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் பூ கொடுப்பதென்றால் எண்ணிக் கொடுங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரண்டும் நாலும் சாவு வீட்டுக்கு. கல்யாண மொய்யில் நூறோடு நிறுத்தாமல் நூற்று ஒன்று வைக்கிற நமக்கு இதைப் புரிய வைக்க ஆள் வேண்டுமா? அப்புறம், வாசற்படிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றபடி கைகுலுக்க மாட்டார்கள். உள்ளே வந்துதான் கை கொடுப்பார்கள். நிலைப்படியில் நின்று எதையாவது கை மாற்றினால் நம் ஆச்சிமார் போடும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதேதான் அங்கேயும்.

ஜெர்மன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். என் மேலாளர், ‘நீ சரி என்று சொன்னாய், செய்யவில்லை’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் வேலையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவே இல்லை. அவர் பேசும்போது சரி, சரி என்றேன், அவ்வளவுதான். அவமானமாக இருக்கிறது.
– மென்பொருள் ஊழியர், வண்ணார்பேட்டை

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நம் ‘சரி’ எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் சரி. ‘புரிந்தது’ என்பதற்கும் சரி. ‘செய்கிறேன்’ என்பதற்கும் சரி. ‘போனை வைங்க, அடுப்பில் பால் இருக்கு’ என்பதற்கும் சரி. கதை கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். அந்த ‘ம்’மின் அண்ணன்தான் உங்கள் ‘சரி’. ஜப்பானியரிடமும் இதே பழக்கம் உண்டு. பேச்சுக்கு நடுநடுவே அவர்கள் சொல்லும் ‘ஹாய்’ (அவர்கள் மொழியில் ‘ஆமாம்’) பல நேரங்களில் சம்மதம் அல்ல, ‘ம்’ கொட்டுவதுதான். உங்கள் மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு ‘சரி’ என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் இந்த வித்தியாசத்தை விளக்கினார். சில சமூகங்களில் பாதிச் செய்தி வார்த்தைக்கு வெளியே இருக்கும். யார் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானியரையும் அரபுகளையும் அவர் இந்தப் பக்கம் வைத்தார். சில சமூகங்களில் வாயில் வந்ததுதான் செய்தி. ஜெர்மானியர்கள் அந்தப் பக்கம். நாம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் கேட்டவரிடம் ‘பாக்கலாம்’ என்றால் கிடைக்காது என்று அர்த்தம். அது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் எல்லார் முன்னாலும் சொன்னதுதான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் வேலையைக் குறை சொல்வதும் ஆளைக் குறை சொல்வதும் வேறு வேறு. சொல்லி முடித்ததும் அவர் உங்களோடு காபி குடிக்க வந்திருப்பார். ஆனாலும் தனியாகச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

நாளையிலிருந்து ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், ‘நான் புரிந்துகொண்டது இது. இதை நான் வியாழன் மாலைக்குள் தருகிறேன், அதை என்னால் இந்த வாரம் முடிக்க முடியாது’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அந்த ‘முடியாது’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்யக் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. நான் முதல்முறை ஒரு ஜெர்மானியர் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது ஏழு மணி என்றார்கள். சொன்ன நேரத்துக்கே போய் நிற்பது அலைகிற மாதிரி இருக்குமே என்று ஏழே முக்காலுக்குப் போனேன். மேசையில் உருளைக்கிழங்கு ஆறிக் கிடந்தது. ‘உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தோம்’ என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு எச்சரிக்கை. நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உங்கள் கண்ணில் படும். அவற்றுள் பிரபலமானது ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளருடையது. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் தொடங்கியது அது. ஊரின் பொதுவான காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று அதில் தெரியும். உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அதற்கு அவரோடுதான் பேச வேண்டும்.

மகன் ரியாத்துக்கு வேலைக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்பலாம்?
– ஒரு தாயார், ஆலங்குளம்

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ சவூதியிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள் அம்மா. என்னைவிட நன்றாகச் சொல்வார். என் பங்குக்கு ஒன்று. அரபுக் காபியைச் சின்னக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். வலது கையால் வாங்க வேண்டும். குடித்துவிட்டுச் சும்மா நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள், இன்னொரு முறை நீட்டினால் இன்னொரு முறை. போதும் என்றால் கோப்பையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். நாம் இலையை மடிக்கிற மாதிரி. அப்புறம், அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி நேராக விசாரிக்கக் கூடாது. ‘குடும்பத்தில் எல்லாரும் சுகமா?’ போதும். மனைவி பேரைச் சொல்லாமல் ‘வீட்ல’ என்றே காலம் தள்ளும் ஊர்க்காரனுக்கு இது கஷ்டமாக இருக்காது.

என் பரோட்டாக் கடையில் மூன்று இந்திக்காரப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள், ஒடிசாக்காரர்கள். நல்ல சம்பளம், தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுக்கிறேன். ஆனாலும் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள். ஜூன் மாதம் ஆனால் லீவு கேட்கிறார்கள்.
– கடை உரிமையாளர், வள்ளியூர்

முதலில் ‘இந்திக்கார’ என்பதை எடுத்துவிடுங்கள். அவர்கள் தாய்மொழி ஒடியா. அதற்குத் தனி எழுத்து உண்டு. 2014இல் செம்மொழித் தகுதியும் கிடைத்தது. வடக்கே போன நம்மை எல்லாரும் ‘மதராசி’ என்று கூப்பிட்டபோது எப்படி எரிந்தது?

ஜூன் நடுவில் ஒடிசாவில் ரஜ பண்டிகை. நம் ஆனி மாதப் பிறப்பை ஒட்டி மூன்று நாள். பூமித்தாய் தூரமாகி, அதாவது மாதவிலக்காகி, ஓய்வெடுக்கும் நாட்கள் என்று நிலத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். பெண்பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி ஊஞ்சல் ஆடுவார்கள். தங்கைக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுக்கும் வயதுப் பையன்கள் உங்கள் கடையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து லீவு கொடுக்க முடியாதுதான். முறை வைத்து அனுப்பலாமே.

இன்னொன்று. பையன்களிடம் ‘பகாளா’ சாப்பிடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது. நம் பழைய சோறேதான். தொட்டுக்கொள்ள வடகத்தை நொறுக்கிப் போடுவார்கள், பொரித்த மீன் வைப்பார்கள். அதற்கென்று மார்ச் 20ஆம் தேதியை ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். எப்போதும் பரோட்டாவும் சால்னாவும் போடாமல், ஒருநாள் காலையில் மண்சட்டியில் பழையதும் காணத் (கொள்ளு) துவையலும் வைத்து நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எதிரே நின்று பார்க்கக் கூடாது, கூட உட்கார வேண்டும்.

மருமகள் புனலூர்க்காரி. ‘பனி’ என்றாள், போர்வை எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சலாம்! தினம் ஒரு கூத்து.
– மாமியார், செங்கோட்டை

மலையாளமும் தமிழும் கிட்டத்தில் இருப்பதுதான் சிக்கலே. ரஷ்ய மொழி என்றால் புரியவில்லை என்பதாவது புரியும். நீங்கள் ‘கோவில்பட்டி’ என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும், ‘பட்டி’ அங்கே நாய். அவள் குடிக்க ‘வெள்ளம்’ கேட்டால் தாமிரபரணி கரை புரண்டதை நினைத்துப் பதறாதீர்கள். ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. கணவனைச் ‘சேட்டா’ என்று கூப்பிடுகிறாளே, அது அண்ணன் அல்லவா என்று மனசுக்குள் குமைந்திருப்பீர்கள். அங்கே அது அன்பும் மரியாதையும் சேர்ந்த விளி, அவ்வளவுதான். உங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது மதினி? இப்படிப் பிசகிய சொற்களை இரண்டு பேருமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தகமாகும்.

போனிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்ட காலத்தில் அடுத்தவர் மொழியை ஏன் கற்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், திசையன்விளை

உங்களுக்குப் பக்கத்து ஊரான இடையன்குடியிலிருந்தே பதில் சொல்கிறேன். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். தமிழ் படித்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். 1891இல் இறந்தபின் அங்கேயே அடக்கமானார். மொழி கற்றதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது போதும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1849இல், தாம் வாழ்ந்த அந்தப் பகுதி மக்களைப் பற்றியே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தங்களை இழிவாகச் சித்திரித்ததாக அவர்கள் கொதித்தெழுந்தார்கள். பின்னால் அவரே அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அத்தனை பெரிய மொழிப் புலமைக்கும் அப்படிச் சறுக்கியது. சொல்லை மட்டும் மாற்றித் தருகிற போனை நம்பி எவ்வளவு தூரம் போவீர்கள்?

சென்னையிலிருந்து மாற்றலாகி இங்கே வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆண்கள் ஒருவரையொருவர் ‘வே’, ‘லே’ என்று பேசுவது சண்டை மாதிரி இருக்கிறது. வாடிக்கையாளர்கள் ‘எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று விடாமல் கேட்கிறார்கள். இதுவும் இந்த ஊர்ப் பண்பாடா?
– வங்கி ஊழியர், பாளையங்கோட்டை

‘வே’ சண்டை இல்லை. சமமானவர்களுக்குள், கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் கேலியும் கலந்து சொல்வது. ‘லே’ இன்னும் நெருக்கம், தம்பிக்கும் மகனுக்கும் கூட்டாளிக்கும். புதிதாக வந்தவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டாம். ‘அண்ணாச்சி’ போதும், எல்லாக் கதவும் திறக்கும்.

‘எந்த ஊரு?’ பாதி நேரம் வெறும் பேச்சுத் துணைதான். ஊரைச் சொன்னால் அங்கே ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, உங்களையும் அத்தை, சித்தி என்று முறை வைத்துவிடுவார்கள். ‘எந்தத் தெரு?’ அப்படி இல்லை. அது சாதி தெரிந்துகொள்ளக் கேட்பது. இதில் நான் மழுப்ப விரும்பவில்லை. பண்பாட்டைப் புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. இங்கே பள்ளிப் பிள்ளைகள் கையில் நிறக் கயிறு கட்டி நீ யார், நான் யார் என்று பிரித்துக்கொள்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தக் கயிறும் இந்தத் தெருக் கேள்வியும் ஒரே நூலில் திரித்தவை. ‘சென்னையில பெரிய தெரு அண்ணாச்சி, பஸ் போகும்’ என்று சொல்லிவிட்டு, அவருடைய பாஸ்புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறை அப்படிச் சொன்னால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்.

கனடாவில் தோழி வீட்டுக்கு அல்வா கொண்டுபோனால் நன்றாக இருக்குமா?
– திருநெல்வேலி டவுன்

நெய் சேர்ந்த பண்டத்தை அந்த நாட்டில் உள்ளே விடுவார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கொடுத்ததும் உங்கள் கண்முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார்கள். நம் வீட்டில் வந்தவர் போனபின்தான் பிரிப்போம், அங்கே உடனே பிரிப்பதுதான் மரியாதை. தோழி தமிழ்ப்பெண்ணாக இருந்து, ‘எனக்கே அல்வா கொடுக்கிறாயா?’ என்று கேட்டால் சிரித்துவிடுங்கள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் கையில் ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு துண்டு வாழையிலையும் பக்கத்தில் வையுங்கள்.