கல் உருட்டும் மோட்டார் ஏன் சுடுகிறது?

கேள்வி: கூழாங்கற்களைப் பீப்பாயில் உருட்டி மெருகேற்றும் சிறிய இயந்திரம் (டம்ளர்) வைத்திருக்கிறேன். இரண்டு நாள் ஓடியதும் மோட்டார் கை வைக்க முடியாமல் சுட்டு நின்றுவிடுகிறது. புதிது மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுகிக் கரகரத்தால், தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷில் எண்ணெய் வற்றிவிட்டது. இரு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும், கவனம். தண்டு லேசாகச் சுழன்றால் பெரும்பாலும் பாரம்தான் காரணம்: பீப்பாயை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், பெல்ட்டை விறைப்பாக இழுக்காதீர்கள். சத்தத்துக்குப் பயந்து பெட்டிக்குள் மூடியும் வைக்காதீர்கள். 12 வோல்ட் கணினி விசிறியைத் தனி அடாப்டரில் இணைத்து மோட்டார்மீது வீசவிடுங்கள்.

சுருள் கருகிய வாடை வந்தால் மாற்றத்தான் வேண்டும். வோல்டேஜ், ஹெர்ட்ஸ், சுற்று வேகம், தண்டின் விட்டம், சுழலும் திசை எல்லாம் பொருந்தட்டும். 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில், டிரான்ஸ்பார்மர் போட்டாலும், மெதுவாகச் சுற்றிக் கூடுதலாகச் சுடும்.