இங்கே ஒன்றும் நடப்பதில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி டவுனில் பிறந்து, பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படித்து, சென்னையில் ஒன்பது ஆண்டுகள் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி கிடைத்ததால் சென்ற ஆண்டு ஊருக்குத் திரும்பினேன். திரும்பியது தவறோ என்று இப்போது தோன்றுகிறது. நல்ல திரையரங்கு இல்லை. இலக்கியக் கூட்டங்கள் அபூர்வம். தெருவில் இறங்கினால் எங்கே போகிறாய், சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று ஒரே விசாரணை. சுலோசன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால் அழுகைதான் வருகிறது. இங்கே ஒன்றுமே நடப்பதில்லை. சென்னைக்கே போய்விடுவதுதான் சரியா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

சென்ற வாரம் கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் நின்று அதே பாலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மனத்தில் ஓடியதைத்தான் உங்கள் கடிதமும் தொட்டிருக்கிறது. அதனால் உடனே பதில் எழுதுகிறேன்.

திரையரங்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இலக்கியக் கூட்டம் இல்லையென்றால் நான்கு பேரைச் சேர்த்து நீங்களே நடத்துங்கள். வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்ததைத்தான் வட்டத்தொட்டி என்று இன்றும் பேசுகிறோம்; ஒரு வீட்டின் முற்றம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் “இங்கே ஒன்றுமே நடப்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அவ்வளவு எளிதாக விட்டுவிட என்னால் முடியாது. எந்தப் பாலத்தின்மேல் நின்று கண்ணீர் விட்டீர்களோ, கல்லூரிக்குப் போக எந்தப் பாலத்தை ஆண்டுக்கணக்கில் கடந்தீர்களோ, அது எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? பாலம் வருமுன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடம்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் நிற்கும். ஆட்சியர் தாம்சன் காலத்தில் பாலம் கட்டுவதென்று முடிவாகி, பணத்துக்கு ஊராரிடம் கையேந்த வேண்டியிருந்தபோது, ஏறத்தாழ 50,000 ரூபாய்ச் செலவையும் தம் சொத்திலிருந்தே ஏற்றுக்கொண்டவர், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார். 11 வளைவுகளோடு எழுந்த அந்தப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்ட இந்நாளிலும் வண்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் அரசர் அல்லர், அரசு அலுவலக உத்தியோகஸ்தர். துறையில் ஓடத்துக்குக் காத்து நின்றவர்களில் பலருடைய முகமாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பெருநகரத்தில் பல்லாயிரம் பேர் அவதிப்படுகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்துவிட்டுத் தாளை மடித்துவைக்கிறோம். நம் ஊரைப் போன்ற இடத்தில், நேற்று மழையில் ஒதுங்க இடமில்லாமல் நின்றவர் இன்னாருடைய தாயார் என்று தெரிந்துபோகிறது. தெரிந்த பிறகு தெரியாதவரைப் போலக் கடந்துபோவது கடினம். சிறிய நகரத்தில் வாழ்வது என்றால் எனக்கு முதலில் இந்தக் கடினம்தான்.

இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில், ஒரு பள்ளியில் வகுப்பு நேரத்தில் ஆசிரியர் இல்லாததைக் கண்டித்துக் கட்டுரை எழுதினேன். பெயரைக் குறிப்பிடவில்லை, இந்த ஊரில் பெயர் தேவையும் இல்லை. கட்டுரை வெளிவந்த மறுநாள் காலை குறுக்குத்துறையில், எனக்கு இரண்டு படி கீழே அந்த ஆசிரியர் குளித்துக்கொண்டிருந்தார். துண்டைப் பிழிந்தபடி, “தம்பி, எழுதினதுல தப்பில்ல. அன்னைக்கு எம் மவ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில கெடந்தா. ஒரு வார்த்த விசாரிச்சிருக்கலாம்லா” என்றார். சென்னையாக இருந்தால் அவரை மறுபடி பார்த்திருக்கவே மாட்டேன். என் கட்டுரை கடைசிவரை எனக்கு நியாயமாகவே இருந்திருக்கும். இங்கே, அவர் மறையும்வரை பன்னிரண்டு ஆண்டுகள், அதே படித்துறையில் அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர்தான் முதலில் சிரித்தார்.

விசாரிக்கிறார்கள் என்று நீங்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்கு இந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் நீரில் நின்றபோது நீங்கள் சென்னையில் இருந்திருப்பீர்கள். மின்சாரமும் கைப்பேசியும் செத்துக் கிடந்த அந்த இரவில், என் வீட்டுக் கதவைத் தட்டிப் படுக்கையில் இருந்த என் தாயாரை நாற்காலியோடு தூக்கித் தங்கள் மாடிக்குக் கொண்டுபோனவர்கள், அதுவரை தினமும் விசாரித்து எனக்கு எரிச்சலூட்டிய எதிர்வீட்டுப் பிள்ளைகள். விசாரித்து வைத்திருந்ததால்தான் அம்மா எந்த அறையில் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றை மறைக்க மாட்டேன். “எந்தத் தெரு?” என்று கேட்பதற்குள் சாதி ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்வி துரத்தியதாலேயே ஊரைவிட்டுப் போன நண்பர்கள் எனக்கு உண்டு. திரும்பி வாருங்கள் என்று அவர்களை அழைக்கும் உரிமை எனக்கு இல்லை, ஒரு நாளும் அழைத்ததில்லை. அது இந்த நகரத்தின் அவமானம். உங்கள் கல்யாணத்தைக் கேட்கிறவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே “சொல்ல விருப்பமில்லை” என்று சொல்லுங்கள், இரண்டு மாதத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

ஆற்றைப் பார்த்து அழுகை வருகிறது என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, எனக்கு அந்தக் கண்ணீரில் மதிப்பில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணி தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதே இல்லை. அதன் அழுக்குக்கு வேறு மாநிலத்தாரைக் கைகாட்ட வழியில்லை. அதில் கலக்கும் சாக்கடை உங்கள் வீட்டிலிருந்தும் என் வீட்டிலிருந்தும் போவது. ஒன்பது ஆண்டுகள் கணினிக்குள் எங்கே பிழை இருக்கிறது என்று தேடித் தேடிச் சம்பளம் வாங்கியவர், தம் வீட்டுக் கழிவுநீர் எந்தத் தெரு வழியாகப் போய் எங்கே விழுகிறது என்று தேடிப் பார்க்காமல், பாலத்தில் நின்று ஊரைக் குறை சொல்வதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சென்னைக்குப் போவதும் இருப்பதும் உங்கள் விருப்பம். போவதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், உங்கள் வாசல் சாக்கடையைப் பிடித்துக்கொண்டே அது முடிகிற இடம் வரைக்கும் நடந்து பாருங்கள். எங்கே முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள். என் தெருவினுடையதை நான் நடந்து பார்த்துவிட்டேன், குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்.